கையுறையில் எழுதிய மணி

அந்தக் கையுறை என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. கறுப்பு நிறம், தடித்தது, உள்ளே கம்பளி. இடக்கைக்கு உரியது மட்டுமே என்னிடம் வந்தது. அதன் புறங்கையில், காயத்துக்கு ஒட்டுவோமே அந்த வெள்ளைத் துணிப் பிளாஸ்டர், ஒரு விரல் நீளத்துக்கு ஒட்டியிருக்கிறது. ஓரங்கள் பழுப்பேறிச் சுருண்டுவிட்டன. நடுவில் பேனாவால் பெரிதாக எழுதிய எண் மட்டும் மங்கவில்லை: 1. போன மாதம் ஒரு நாள் என் மூன்று வயது மகள் அதை எப்படியோ இழுத்தெடுத்து, தோள்வரை மாட்டிக்கொண்டு, கூடத்தில் கரடிபோல் நடந்தாள். வழக்கமாக நான் பதறிப் பிடுங்கியிருப்பேன். தாயான நாளிலிருந்து பதறிப் பிடுங்குவதுதான் என் முழுநேர வேலை. அன்று பிடுங்கவில்லை. கைப்பேசியில் வந்திருந்த ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

சின்னம்மாவுக்கு நடக்கவிருந்த நினைவுக்கூட்டத்தில் நான் வாசிக்க வேண்டிய உரை அது. மகளிர் சங்கத் தலைவி எழுதி அனுப்பியிருந்தார். நடுவில் இப்படி ஒரு வரி: “உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, கடல் கடந்து தன் மழலை ‘அம்மா’ என்று அழைக்கும் குரல் அவர் செவியில் விழுந்தது. சிகரத்தைத் துறந்தார், தாய்மையைத் தேர்ந்தார்.” இது பொய். சின்னம்மா உயிரோடு இருந்தபோதே, ஒரு மண்டபம் நிறைய ஆட்களுக்கு முன்னால், தன் வாயால் மறுத்த பொய். மறுத்ததற்கான விலையையும் கொடுத்தார். அவர் இல்லாத இடத்தில் அதையே என் வாயால் சொல்ல வைக்கப் பார்த்தார்கள்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. பிறந்து வளர்ந்தது ஜொகூரில், தங்காக் என்ற சிறிய ஊரில். தாத்தாவுக்கு அங்கே ஒரு துணிக்கடையில் வேலை. கடைத்தெருவில் எங்கே நின்றாலும் லேடாங் மலை தெரியும். ஊரில் மற்றவர்கள் மழை வருமா என்று பார்க்க மட்டும் அந்தப் பக்கம் தலையைத் தூக்குவார்கள். சின்னம்மா அதில் ஏறினார். முதலில் பள்ளிப் பிள்ளைகளோடு, பிறகு விளையாட்டுப் பாட ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டே விடுமுறை தோறும். அப்புறம் கினபாலு, அதற்கப்புறம் இமயம். இமயத்தில் இரண்டு பெரிய மலைகள். முதலாவதில் உச்சியில் நின்றார். இரண்டாவதில் உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்திலிருந்து திரும்பினார். அப்போது அவர் மகளுக்கு, அதாவது என் தங்கைக்கு, இரண்டு வயது. பின்னர் ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, நிறுவனங்களில் தலைமைத்துவம் பற்றிப் பேசுவதையே தொழிலாக்கிக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் முதல் மலையை வைத்துக் காலத்தை ஓட்டியிருப்பார்கள். சின்னம்மா எப்போதும் இரண்டாவது மலையைப் பற்றியே பேசினார்.

நான் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த நாளில் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன். கார் ஓட்டுவது, மடிக்கணினியை மாட்டுவது, ஒலிவாங்கியைச் சரிபார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. உறவுக்காரி என்பதால் எடுக்கவில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். “நீ எல்லாத்துக்கும் பயப்படுறவ. பயப்படுறவதான் ரெண்டு தடவ பாப்பா. எனக்கு அதான் வேணும்.” அவரோடு பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கும் கூலாய்ப் பக்கத்துத் தோட்ட அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் போனேன். மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரே பேச்சைத்தான் பேசுவார். மேடையில் கையுறையை உயர்த்திக் காட்டுவார். “இந்த ஒன்னு என்னா தெரியுமா? ஒரு மணி. பகல் ஒரு மணிக்கு எங்க நின்னாலும் திரும்பிடணும். இத மேல போயி எழுதல, கீழ கூடாரத்துல உக்காந்து, டீ குடிச்சிக்கிட்டு எழுதுனேன். ஏன்னா மேல போனா மூளை பொய் சொல்லும். காத்து கம்மி. இன்னும் கொஞ்ச தூரம்தான், போ போன்னு சொல்லும். அந்த நேரத்துல யோசிக்கிறவ தலைவி இல்ல. யோசிச்சத ஏற்கனவே கையில எழுதி வச்சிருக்கிறவதான் தலைவி.”

அன்று அவரோடு ஒரே கயிற்றில் இரண்டு ஆண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கயிற்றுக்குத் தலைமை சின்னம்மா. ஒரு மணி ஆனதும் திரும்பச் சொன்னார். உச்சி முன்னால் தெரிகிறது, வானம் தெளிவாக இருக்கிறது, இருவருக்கும் கோபம். ஒருவர் கெஞ்சினார், மற்றவர் திட்டினார். இருவரையும் திருப்பிக் கூட்டி வந்தார். “கீழ வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் என்கூடப் பேசல. ஒருத்தரு இன்னிக்கு வரைக்கும் பேசல. ஆனா உயிரோட இருந்துக்கிட்டுப் பேசாம இருக்காரு” என்பார். மண்டபம் சிரிக்கும். அன்று மாலையே மலையை மேகம் மூடியது. அதைக்கூட அவர் பெரிதுபடுத்த மாட்டார். மேகம் வராமல் போயிருந்தாலும் தன் முடிவு சரிதான் என்பார். வீட்டிலும் இதே பழக்கம். கல்யாண வீட்டுக்குக் கிளம்பினால் வாசலிலேயே கேட்பார்: “எத்தன மணிக்குத் திரும்புறோம்? இப்பவே சொல்லு. அங்க போயி உங்கம்மா பேச்சுல உக்காந்தா அப்புறம் முடிவே எடுக்க முடியாது.”

பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். எந்த ஊர், எந்த மண்டபம் என்றாலும் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும்: “பிள்ளைய யாரு பாத்துக்கிட்டா?” அது எங்கிருந்து வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். கேட்பவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார். சின்னம்மாவும் சிரித்தபடியே, “அவளுக்கு அப்பான்னு ஒருத்தரு இருக்காரு லா. அவருக்கும் ரெண்டு கை இருக்கு” என்பார். சில நிகழ்ச்சிகளுக்கு இன்னொரு மலையேறியையும் அழைப்பார்கள். மூன்று பிள்ளைகளின் தகப்பன். அவரிடம் ஆக்சிஜனைப் பற்றிக் கேட்டார்கள், காலணியைப் பற்றிக் கேட்டார்கள், அடுத்து எந்த மலை என்று கேட்டார்கள். அந்த மூன்று பிள்ளைகளுக்கு யார் சோறு ஊட்டினார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. ஆனாலும் ஒலிவாங்கியை நீட்டிக்கொண்டு நிற்கும் என் கை வலிக்கிற அளவுக்குக் கோபம் வரும்.

அப்புறம் அந்த அன்னையர் தின விருந்து. ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டல், வட்ட மேசைகள், எல்லாம் நம்மவர்கள். அறிவிப்பாளர் பின்னணியில் புல்லாங்குழல் இசையை ஓடவிட்டு, குரலைத் தழதழக்க வைத்துக்கொண்டு, சின்னம்மா உச்சிக்கு அருகில் பிள்ளையின் குரலைக் கேட்டுத் திரும்பிய கதையைச் சொன்னார். அதை அவரே இட்டுக்கட்டியிருந்தார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். சின்னம்மா மேடையேறினார். இசை நிற்கும்வரை காத்திருந்தார். “குரல் ஒன்னும் கேக்கலங்க. அங்க காத்து சத்தந்தான் கேக்கும்” என்றார். சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “அன்னிக்குக் காலையிலேருந்து என் பிள்ளைய நான் ஒரு தடவகூட நெனைக்கல. நெனச்சிருந்தா கால் தவறியிருக்கும். மணியப் பாத்தேன், திரும்புனேன். அவ்வளவுதான்.”

ஒரு மண்டபம் முகத்தைத் திருப்பிக்கொள்வதை அன்று கண்ணால் பார்த்தேன். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் தணிந்த குரலில் பேசவில்லை, எங்களுக்குக் கேட்க வேண்டும் என்றே பேசினார்கள். “பெத்தவ வாயிலேருந்து வர்ற பேச்சா இது?” “மலை மேல போனா மனசும் கல்லாயிடும் போல.” ஏற்பாட்டாளர் எங்களைக் கார்வரை அனுப்பவந்தார். “மேடம், சும்மா தலையாட்டிட்டுப் போயிருக்கலாமே. யாருக்கு என்ன நஷ்டம்?” மறுநாளே அந்தப் பேச்சில் ‘பிள்ளைய நெனைக்கல’ என்ற துண்டு மட்டும் வெட்டப்பட்டுக் கைப்பேசிகளில் சுற்றியது. மணியைப் பற்றிய பாதி அதில் இல்லை. என் அம்மா கூப்பிட்டு, “ஏன்டி, அந்த வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா? மானம் போவுது” என்று தன் தங்கையைத் திட்டினார். அதன் பிறகு தமிழ்ச் சங்கங்கள் அழைக்கவில்லை. நிறுவனங்களும் ஒவ்வொன்றாக, மிக மரியாதையாக, வேறு பேச்சாளர்களைத் தேடிக்கொண்டன.

ஏற்பாட்டாளர் கேட்ட அந்தக் கேள்விக்கு, யாருக்கு என்ன நஷ்டம் என்பதற்கு, அன்று காரிலேயே சின்னம்மா பதில் சொன்னார். கார் நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டிருந்தது. என்னைப் பார்க்காமல், கண்ணாடிக்கு வெளியே செம்பனை மரங்களைப் பார்த்தபடி பேசினார். “அந்த ரெண்டு பேரையும் உயிரோட கூட்டிக்கிட்டு வந்தது நான். என் முடிவு அது. அத என் கையிலேருந்து புடுங்கி ரெண்டு வயசுப் பிள்ளை கையில குடுக்குறாங்க. நாளைக்கு அவ பெரியவளாயி, நம்மளாலதான் அம்மா உச்சிக்குப் போகலன்னு நெனைப்பா. அந்த மலைய அவ தலைமேல தூக்கி வைக்கணுமா? விடுவேனா நான்?” பிள்ளையை நினைக்கவில்லை என்று சொன்னதற்காக ஊரே கல்நெஞ்சக்காரி என்றதே, அதை அவர் சொன்னதே பிள்ளைக்காகத்தான். இதை அவர் எந்த மேடையிலும் விளக்கவில்லை. விளக்கினால் அதையும் கைக்குட்டையால் துடைத்து அழகான கதையாக்கிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

போன வருடம் நோயில் சின்னம்மா போய்விட்டார். மருத்துவமனையில் இருந்தபோதுதான் கையுறையை எனக்குத் தரச் சொன்னாராம். வலக்கைக்கு உரியது அவர் மகளிடம் இருக்கிறது. துக்க வீட்டுக்கு, விருந்தில் பேசிய அதே பெண்கள் வந்தார்கள். “பாவம், பிள்ளைக்காக உச்சியையே விட்டவ” என்று என் அம்மாவின் தோளைத் தடவினார்கள். அம்மாவும் தலையாட்டி அழுதார். செத்தவரால் மறுக்க முடியாது என்பது எவ்வளவு வசதியாகப் போய்விட்டது.

உரை வந்த அன்று தலைவியைக் கூப்பிட்டேன். “அக்கா, அந்தக் குரல் கேட்ட இடம்… அப்படி நடக்கலக்கா” என்றேன். “தெரியும்மா. ஆனா கூட்டத்துக்குப் புடிச்ச இடமே அதானே. நல்ல விதமாத்தானே சொல்றோம், கெட்ட பேரா வாங்கிக் குடுக்குறோம்?” என்றார். நான் என்ன சொன்னேன்? “சரிங்கக்கா, பாக்குறேன்.” பெரியவர்கள் ஒன்று சொன்னால் என் வாயில் வேறு சொல் வராது. கைப்பேசியை வைத்த பிறகு என்மேலேயே ஆத்திரம். அதற்கும் மேலே ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்தது. என்னால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுகூட மகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு மலையில் காலையிலிருந்து ஒரு தாய் பிள்ளையை நினைக்காமல் இருக்க முடியுமா? ஒருவேளை நினைத்தாரோ? நான் எதைக் காப்பாற்றுகிறேன், அவர் சொன்ன உண்மையையா, அவருடைய பிடிவாதத்தையா? இந்த எண்ணத்தோடு இரண்டு மூன்று நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் தங்கையைக் கூப்பிட்டேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். உரையில் உள்ள வரியை வாசித்துக் காட்டினேன்.  “அலமாக், இன்னுமா இத விடல?” என்று சலித்துக்கொண்டாள். “ஸ்கூல்ல ஒரு டீச்சர் இதையே சொன்னாங்கக்கா, உனக்காகத்தான் உங்கம்மா எல்லாத்தையும் விட்டாங்கன்னு. நான் வீட்டுக்கு வந்து அழுதுட்டேன். என்னாலயா நீங்க திரும்புனீங்கன்னு அம்மாகிட்ட நேரா கேட்டேன். ‘இல்லடி, மணியால’ன்னாங்க. அந்தக் கையுறைய எடுத்துட்டு வந்து காட்டுனாங்க. அப்புறந்தான் சாப்புட்டேன்.” அவள் குரல் இறுகியது. “நீங்க அந்த வரிய வாசிச்சா நான் எழுந்து போயிடுவேன். சொல்லிட்டேன்.”

சின்னம்மா நினைத்தாரா இல்லையா என்பது அதோடு எனக்குத் தேவையில்லாமல் போனது. போன சனிக்கிழமை பிற்பகலில் கூட்டம். கிளம்பும்முன் சமையல் மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். என்னை எனக்குத் தெரியும். மேடையேறினால், முன்வரிசையில் பெரியவர்களைப் பார்த்தால், என் மூளையும் பொய் சொல்லும். ஒரு வரிதானே, வாசித்துவிடு என்று சொல்லும். மகளின் பிளாஸ்டர் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து, பூனைக்குட்டிப் படம் போட்டது, இடது புறங்கையில் ஒட்டி, பேனாவால் 1 என்று எழுதினேன். மகளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனேன்.

மண்டப வாசலில் ‘தாய்மையின் சிகரம்’ என்று பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். அதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மேடையில் அந்த வரி வந்த இடத்தில் நின்றேன். நினைத்த மாதிரியே, ஒரு வரிதானே, வாசித்துவிடு என்றது மூளை. கையைப் பார்த்தேன். “இங்க எழுதியிருக்கிறத நான் வாசிக்கப் போறதில்லைங்க” என்றேன். “சின்னம்மா எந்தக் குரலையும் கேட்டுத் திரும்பல. ஒரு மணி ஆச்சு, திரும்புனாங்க. கூட வந்த ரெண்டு பேரையும் உயிரோட கூட்டிக்கிட்டு வந்தாங்க. இத அவங்களே உங்ககிட்ட சொன்னாங்க. நீங்கதான் கேக்கல.” கடைசிச் சொற்களை நான் திட்டமிடவில்லை, அவை தாமாக வந்தன. கைதட்டல் இல்லை. தலைவி மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. இரண்டாம் வரிசையில் தங்கை இருந்த இடத்திலேயே இருந்தாள்.

தேநீர் நேரத்தில் ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். என் கையில் இருந்த பிளாஸ்டரை ஒரு தரம் பார்த்துவிட்டு, சிரித்தபடி, “சின்னப் பிள்ளை இருக்கில்ல உனக்கு? யாரு பாத்துக்குறா?” என்றார்.  பக்கத்தில் கேசரித் தட்டோடு நின்ற தங்கை முந்திக்கொண்டு, “அவளுக்கும் அப்பா இருக்காரு லா” என்றாள். சொன்ன விதம் அப்படியே சின்னம்மா.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் ஓடி வந்து கையைப் பிடித்தாள். பூனைக்குட்டிப் பிளாஸ்டர் தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். அடிபட்டால்தான் அதை ஒட்டுவார்கள் என்றும் தெரியும். குனிந்து அதன்மேல் ஊதினாள். “அம்மாவுக்குப் புண்ணா?”

“இல்லம்மா. மணி” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. இன்னொரு தரம் ஊதினாள். அலமாரியைத் திறந்து, கையுறையைப் பையிலிருந்து எடுத்து, அதில் சுருண்டிருந்த ஓரத்தை விரலால் அழுத்திவிட்டேன். ஒட்டவில்லை. பிறகு அதை மேல்தட்டில் வைக்காமல், அவள் கைக்கு எட்டும் கீழ்த்தட்டில் வைத்தேன்.