கடைசியாகக் கிண்ணம் பெற்றவர்கள்

எங்கள் கிறிஸ்தவ ஆலயத்தின் கடைசி இரண்டு வாங்குப் பலகைகளில் இருப்பவர்கள் விரும்பித்தான் அங்கே இருக்கிறார்கள் என்று பதினைந்து வருஷம் நம்பியிருந்தேன். நான் உடுவில் பக்கத்தில் பிறந்து, அங்கேயே படித்து, முப்பத்தொரு வருஷம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்த பிறகு சபைக் குழுவின் செயலாளர் வேலையும் என்னிடம் வந்து சேர்ந்தது. ஆலயத்தில் எந்தக் கதவு மழைக்கு இறுகும், எந்த மின்விசிறி சத்தம் போடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான், தெரியாத ஒன்று அங்கே இருக்கக்கூடும் என்று நினைக்கவேயில்லை.

அந்தக் கடைசி வாங்குக்காரர் ஐந்தாறு குடும்பங்கள். பெற்றோர் காலத்தில் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரத்தில் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள். வன்னியில் போர் முடிந்ததும் முகாமில் கிடந்து, பிறகு எங்கள் ஊர் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு வந்தார்கள். வந்த நாட்களில் சபையார் பாயும் பானையும் கொடுத்தோம். என் கணவர் எங்கள் வீட்டுக் கட்டிலொன்றைக் கழற்றிச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தார். அதை நினைத்து நான் பெருமைப்பட்டதுண்டு.

அந்தக் கட்டில் போன வீட்டில் ஒரு தாயும் மகளும். மகள் படித்து, பட்டம் பெற்று, இப்போது பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். ஞாயிறு பாடசாலையில் என்னோடு சேர்ந்து வகுப்பெடுப்பாள். பிள்ளைகளை அதட்டாமலே அடக்கிவிடுவாள். பாடசாலை முடிந்து ஆராதனை தொடங்கும்போது மட்டும் பின்னால் போய்த் தாயோடு இருந்துகொள்வாள்.

போன வருஷம் ஒரு மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து நாள், நான் அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏன் பிள்ளை ஒவ்வொரு கிழமையும் பின்னுக்கு ஓடுறாய்? எனக்குப் பக்கத்திலை இரு. பாட்டுப் புத்தகம் பிடிக்கவும் ஆளில்லை."

அவள் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். "இருக்கட்டே, ரீச்சர்?" என்று கேட்டாள். அப்படிக் கேட்க என்ன இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. "இரு" என்றேன்.

எங்கள் சபையில் திருவிருந்தின் திராட்சரசம் எல்லோருக்கும் ஒரே கிண்ணத்தில்தான். எட்டுப் பேர் முன்னால் போய் மரக் கிராதியருகே முழந்தாளிடுவோம். போதகர் கிண்ணத்தை ஒவ்வொருவர் வாயிலும் வைத்துக்கொண்டு போவார். அன்றைய முதல் எட்டுப் பேரில் நான் மூன்றாவது. அவள் நாலாவது. அவளுக்கு அப்பால் சபை மூப்பரின் மனைவி. மூப்பர் ஓய்வு பெற்ற வங்கி முகாமையாளர். ஆலயத்துக்குக் காணி கொடுத்த குடும்பம்.

நான் குடித்தேன். அவள் குடித்தாள். போதகர் கிண்ணத்தின் விளிம்பைத் துணியால் துடைத்து அடுத்தவரிடம் போனார். மூப்பரின் மனைவி வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். வயிற்றில் ஏதோ செய்கிறதோ என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கு அடுத்தவரும் தலையை ஆட்டினார். அதற்கடுத்தவர் எழும்பிப் போய்விட்டார். போதகர் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றார். பின்னால் அடுத்த எட்டுப் பேரும் வாங்கை விட்டு அசையவில்லை.

பக்கத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு முழந்தாளில் இருந்தாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் மூப்பர் என்னிடம் வந்தார். கோபமாக இல்லை. வெகு மரியாதையாகக் கதைத்தார்.

"ரீச்சர், பிள்ளைக்கு ஒழுங்கு தெரியாது. நீங்களாவது சொல்லியிருக்கலாம்."

"என்ன ஒழுங்கு?"

"அதுகள் கடைசியாத்தானே எடுக்கிறதுகள். எல்லாரும் எடுத்து முடிஞ்சாப் பிறகு வருங்கள்."

"ஆர் அப்பிடிச் சொன்னது?"

"ஆரும் சொல்லத் தேவையில்லையே. அதுகளுக்கே தெரியும்."

ஆட்டுக்குட்டிகளையும் கைக்குழந்தைகளையும் சொல்கிற 'அதுகள்'. அரச உத்தியோகம் பார்க்கிற முப்பது வயதுப் பெண்ணைச் சொல்ல அவருக்கு அது இயல்பாக வந்தது. பதினைந்து வருஷத் திருவிருந்துகளை மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஓம், அவர்கள் ஒவ்வொரு முறையும் கடைசி. ஒருமுறைகூட மாறவில்லை. அதை அடக்கம் என்று நான் பெயர் வைத்திருந்தேன். 'எவ்வளவு தாழ்மையான சனம்' என்று ஒருநாள் வீட்டில் சொல்லியும் இருக்கிறேன்.

அன்று பின்னேரமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகள் ஏதோ அலுவலாக நெல்லியடிக்குப் போயிருந்தாள். தாய் கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டு, தான் வாசற்படியில் இருந்தார். எவ்வளவு சொல்லியும் எனக்குச் சமமாக இருக்க மறுத்துவிட்டார்.

"எம்மகள எதுக்கு டீச்சரம்மா முன்னுக்குக் கூப்புட்டீங்க? நாங்க பாட்டுக்குத்தானே இருந்தோம்" என்றார். அழுதிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"எனக்கு இது தெரியாதம்மா. சத்தியமாத் தெரியாது. உங்களைக் கடைசியா வரச் சொல்லி ஆர் சொன்னது? மூப்பரோ?"

அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் திரும்பவும் கேட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சரம்மா. ஒங்க வீட்டு ஐயாதான் சொன்னாரு."

நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்ல மாதிரித்தான் சொன்னாரு" என்று அவசரமாகத் தொடர்ந்தார். "கட்டிலு கொண்டாந்த அன்னிக்கு. அதப் பூட்டிக் குடுத்துட்டு, தண்ணி வேணுமான்னு கேட்டேன், வேணாம்னுட்டாரு. அப்பறம் சொன்னாரு, கோயில்ல எல்லாரும் எடுத்த பொறகு வாங்க, ஒங்களுக்கும் சங்கடமில்ல, அவங்களுக்கும் சங்கடமில்லன்னு. தங்கமான மனுசன். அவரு செத்தப்ப நா எவ்வளவு அழுதேன்."

என் கணவர் கொழும்பில் வேலை பார்த்த காலத்தில், தமிழன் என்பதற்காகப் பொலிஸ் நிலையத்தில் ஓர் இரவு முழுக்க நிறுத்தி வைக்கப்பட்டவர். இனத்தைப் பார்த்து மனிதனை எடை போடுவது எவ்வளவு கேவலம் என்று சாகும்வரை சொன்னவர். அந்த மனிதர் இந்த முற்றத்தில் நின்று, இந்த வீட்டுத் தண்ணீரை மறுத்துவிட்டு, இதைச் சொல்லியிருக்கிறார். பிறகு வீட்டுக்கு வந்து என்னோடு சேர்ந்து இராச்சாப்பாடு சாப்பிட்டிருக்கிறார். எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று இப்போதும் நினைவில்லை.

அடுத்த கிழமை சபைக் குழு கூடியது. மூப்பர் முதல் பேச்சாகவே ஒரு யோசனை வைத்தார். இனிமேல் ஒரே கிண்ணம் வேண்டாம், ஆளுக்கொரு சின்னக் கிளாஸில் கொடுப்போம்.

கொரோனாவுக்குப் பிறகு இதே யோசனையை நான் கொண்டுவந்திருந்தேன். அப்போது இரண்டு மணித்தியாலம் வாதாடினார்கள். ஒரே கிண்ணம்தான் எங்கள் மூதாதையரின் விசுவாசம் என்றார்கள். நோய்க்குப் பயந்தவர் விசுவாசமில்லாதவர் என்று மூப்பர்தான் சொன்னார். இப்போது ஐந்து நிமிஷத்தில் ஏழு கைகளில் ஆறு உயர்ந்தன.

"சுகாதாரக் காரணம் எண்டு எழுதுங்கோ ரீச்சர்" என்றார் மூப்பர்.

நான் பேனையை வைத்தேன். "காரணத்தை உள்ளபடி எழுதுவமோ?"

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. போதகர் மேசை விரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இடமாற்றம் வரும் நேரம். இன்னும் சில மாதம் பிரச்சினையில்லாமல் போனால் போதும் என்ற நிலை. கடைசியில் மூப்பரே குறிப்புப் புத்தகத்தை இழுத்து எழுதினார். யாரும் யாருக்கும் பிறகு குடிக்கத் தேவையில்லாதபடி விஷயத்தை முடித்துவிட்டார்கள். இனிக் கடைசி என்று ஒன்றே இல்லை, ஆகவே குறை சொல்லவும் ஒன்றுமில்லை. அந்தக் கெட்டித்தனத்தைப் பார்த்து எனக்கு உடம்பு கூசியது.

ஒரு மாதம் கழித்து, என்னோடு வகுப்பெடுக்கும் அந்தப் பிள்ளை ஒரு கடிதம் கொண்டுவந்தாள். எங்கள் சபையிலும் அயல் சபைகளிலும் உள்ள மலையக வம்சாவளிக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஒன்றியம் தொடங்கப் போகிறார்கள். முதல் கூட்டத்துக்கு ஆலய மண்டபம் தரவேண்டும்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடிக்கவில்லை. நடந்ததெல்லாம் கண்ட பிறகும் பிடிக்கவில்லை. கடிதம் பற்றிப் போதகர் சபைக் குழுவில் சொன்னதைத்தான் நானும் அவளிடம் சொன்னேன்: "கிறிஸ்துவுக்குள்ளை எல்லாரும் ஒண்டு. இனத்தின்ரை பேரிலை சங்கம் வைச்சா சபை உடைஞ்சு போகும் பிள்ளை."

அவள் குரலை உயர்த்தவில்லை.

"ரீச்சர், மூப்பரின்ரை மகன் கனடாவிலை என்ன செய்யிறார்?"

"தமிழ்ச் சபை ஒண்டிலை பொருளாளர்."

"அங்கை வெள்ளைக்காரரின்ரை கோயில் இல்லையே? ஏன் தமிழருக்கெண்டு தனியா வைச்சிருக்கினம்? அதாலை அங்கத்தைச் சபை உடைஞ்சு போச்சே?"

நான் அவளுடைய கடிதத்தைத் திரும்பவும் விரித்தேன்.

"இங்கையும் ஒரு சங்கம் கனகாலமா இருக்கு ரீச்சர். ஆர் முன்னுக்கு இருக்கிறது, ஆர் குழுவிலை வாறது, ஆரின்ரை பிள்ளையை ஆர் கட்டுறது எல்லாம் அந்தச் சங்கம்தான் தீர்மானிக்குது. அதுக்குப் பேர் வைக்கேல்லை, அவ்வளவுதான். நாங்கள் பேர் வைக்கிறம்."

கணிதம் படிப்பித்தவள் நான். ஒரு நிறுவலில் எங்கே பிழை என்று பார்க்கத் தெரியும். அன்று முழுக்கத் தேடினேன். பிழை கிடைக்கவில்லை.

குழு மண்டபத்தைத் தர மறுத்தது. 'இன அடிப்படையிலான அமைப்புகளுக்கு ஆலயச் சொத்து வழங்கப்படமாட்டாது' என்று கடிதம் தயாரித்து, செயலாளர் என்ற இடத்தில் என்னைக் கையொப்பம் இடச் சொன்னார்கள். நான் அந்தக் கடிதத்தின் கீழ் அல்ல, வேறொரு தாளில் கையொப்பமிட்டுப் பொறுப்பை விட்டேன். கூட்டத்தை என் வீட்டு விறாந்தையில் வையுங்கள் என்று பிள்ளையிடம் சொன்னேன். வைத்தார்கள். நாற்பது பேர்வரை வந்தார்கள். நான் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, உறுப்பினர் படிவம் ஒன்றை எடுத்து நிரப்பத் தொடங்கினேன்.

பிள்ளை என் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "ரீச்சர், நீங்கள் இருங்கோ, கேளுங்கோ. எப்பவும் வரலாம். ஆனா உறுப்பினரா வரேலாது. அது எங்கடை ஆக்களுக்கு."

என் வீடு, என் கதிரைகள், என் தேத்தண்ணி! இவர்களுக்காகத்தானே பொறுப்பை விட்டேன் என்றுகூட ஒரு கணம் மனதில் வந்தது. வாழ்க்கையில் ஒரு சபையிலும் யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. படிவத்தை மடித்துக்கொண்டு குசினிக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, கோபம் போகாமலே, திரும்பி வந்து கதவோரத்தில் இருந்து கேட்டேன். ஒருவர் தன் தகப்பனை ஆலயச் சேமக்காலையில் வேலியோரம் புதைக்கச் சொன்னதைச் சொன்னார். ஒரு பெண், தன் மகனின் கலியாண அறிவிப்பு வாசிக்கப்பட்டபோது யாரோ சிரித்ததைச் சொன்னாள். அவர்கள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஒருவரோடு ஒருவர் கதைத்தார்கள். நான் உறுப்பினராக இருந்திருந்தால் அப்படிக் கதைத்திருப்பார்களா என்று தெரியவில்லை.

ஒன்றியம் இப்போதும் இரண்டு மாதத்துக்கொருமுறை கூடுகிறது. அரியாலையில் ஒரு சபை தன் மண்டபத்தைக் கொடுத்திருக்கிறது. எங்கள் போதகர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் ஒன்றியத்தாரை அழைத்துக் கதைத்திருக்கிறார். முடிவு ஒன்றும் இல்லை. சின்னக் கிளாஸ்கள் தட்டில் வருகின்றன.

இவையெல்லாம் நடந்து பல நாள் கழித்துத்தான், லண்டனிலிருக்கும் என் மகளிடம் தொலைபேசியில் தகப்பனைப் பற்றிச் சொல்லத் துணிந்தேன். அழுதுவிடுவாள் என்று பயந்து சுற்றி வளைத்துச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் அம்மா" என்றாள். "அதுகளோடை சேர்ந்து விளையாடக் கூடாது எண்டு அப்பா எனக்கும் சொன்னவர். நான் அப்ப எட்டாம் வகுப்பு."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"



"அவர் அதைச் சாப்பாட்டு மேசையிலைதானே அம்மா சொன்னவர். நீங்களும் இருந்தனீங்கள். எனக்கு இடியப்பம் வைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."