நம்மாளுக்கு எடை இல்லை

காலைக் காபி ஆறுவதற்குள் என் மனைவி ஓர் ஆளைக் கருந்துளைக்குள் தள்ளிவிடுவாள். கணினி இருப்பது சாப்பாட்டு மேசையில். பக்கத்தில் ஒரு வாய் கடித்து வைத்த ரொட்டி. அவன் உள்ளே போய்ச் சேர்ந்தான் என்று தெரிந்த பிறகுதான் மிச்சத்தைச் சாப்பிடுவாள்.

பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். விழுகிற ஆளைப் பாடப்புத்தகங்கள் 'நோக்குநர்' என்கின்றன. இவள் 'நம்மாளு' என்பாள். கல்யாணமான புதிதில் இந்த நம்மாளு யாரென்று எனக்கு உறுத்தியதுண்டு. கணக்கில் வருகிறவன்தான் என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன்.

கண்ட துளையிலும் அவனைத் தள்ளமாட்டாள். மின்னூட்டம் உள்ளதாகப் பார்த்துத்தான் தள்ளுவாள். "சாதாரணத் துளைன்னா நேரா நடுவுல போய் நசுங்கிடுவான், கதை முடிஞ்சுது. மின்னூட்டம் இருந்தா நடு மையமே அவனைக் கிட்ட சேர்க்காம தள்ளும். பொழைக்க வழி இருக்கு." பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடுகிறவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

வழியில் இரண்டு எல்லைகள். துளை பெரிதாக இருந்தால், முதல் எல்லையைத் தாண்டுவது அவனுக்குத் தெரியவே தெரியாதாம். வெளியே நிற்பவர்களுக்குத்தான் அவன் மெள்ளத் தயங்கி, சிவந்து, மங்கி, தாண்டாமலே நின்றுவிட்டதுபோல் இருக்கும். "அவன் பாட்டுக்குப் போயிட்டிருப்பான். பாவம், பாத்துட்டு நிக்கறவங்கதான்." வினை இரண்டாம் எல்லையில். வெளியுலகத்தின் மிச்ச எதிர்காலம் மொத்தமும் ஒரே மின்னலாக அவன் கண்ணில் வந்து விழும். அதில் பொசுங்குவானா, கடந்துபோவானா? கடப்பான் என்பது இவள் கட்சி. இத்தனை வருஷ ஆராய்ச்சியும் அதற்காகத்தான்.

என் மாமியாருக்கும் இதில் அக்கறை உண்டு. தொலைபேசியில் மகளை விசாரித்த கையோடு அவனையும் விசாரிப்பார். போன வாரம் என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார்: "தெனமும் அவனையே போட்டு இந்தப் பாடு படுத்தறாளே மாப்பிள்ளை, வேற ஆளே கிடைக்கலையா?"

இப்போது தகராறு எடையில். விழுகிற ஆளுக்கு எடை வைக்காமல் கணக்குப் போடுவது இந்தத் தொழிலில் வழக்கம். வைத்தால் துளையின் உள்ளமைப்பை அவனே கலைத்துவிடுவான். கணக்கு கைக்கு அடங்காது. எடையில்லாத நம்மாளு இதுவரை சௌக்கியமாகவே தாண்டிப் போனான். இந்த ஆராய்ச்சிக் கட்டுரையை இவளோடு சேர்ந்து எழுதும் பக்கத்து அறைப் பேராசிரியர், எடையை வைத்து ஒருமுறை பார்க்காமல் தன் பெயரைப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். வைத்தால் அந்த இரண்டாம் எல்லையே அவன்மேல் இடிந்து விழலாம். அது இவளுக்குத் தெரியாததல்ல.

அன்றிலிருந்து வீட்டில் அந்த ஒரு வேலையைத் தவிர எல்லா வேலையும் நடக்கிறது. குளிர்பதனப் பெட்டி பளபளக்கிறது. என் சட்டைகளில் அறுந்த பொத்தான் ஒன்றுகூட இல்லை. ஜன்னல் கம்பிகளை அவள் பழைய பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டிருந்தபோது, உழைப்பு வீணாகிவிடும் என்று பயமா என்று கேட்டேன்.

"அது போனா இன்னொண்ணு எழுதிக்கலாங்க," என்றாள். "அவன் எனக்குப் பழகிட்டான்."

கேலி செய்யலாம் என்றுதான் வாயெடுத்தேன். ஆனால் எனக்கும் அவன்மேல் பாசம் வந்திருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இன்று காலை என்னைக் கூப்பிட்டு என் எடை என்னவென்று கேட்டாள். சொன்னேன். நம்பவில்லை. குளியலறையில் எடை பார்க்கும் கருவியில் ஏற்றி நிறுத்தினாள், கூடத்தான் இருந்தது. அந்த எண்ணை அப்படியே கணினியில் தட்டினாள். யாரோ ஒருவர் எடையைப் போடவேண்டியதுதானே என்றேன்.

"யாரோ ஒருத்தர்னா எனக்குப் பாதியில பார்வை வேற பக்கம் போயிடும்," என்றாள்.

பிறகு இடது கையால் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கணக்கை ஓடவிட்டாள்.