உரல் இல்லாத குத்துச்சண்டை

சங்கராபுரம் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, இன்னொரு கையால் கைப்பேசியில் பழைய குத்துச்சண்டை விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தேன். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே வந்த வீடியோ கேம். உச்சியிலிருந்து பார்க்கிறோம். ஒரு வெள்ளை உருவம், ஒரு கறுப்பு உருவம். தலை, மூக்கு, நண்டுக் கொடுக்குபோல் இரண்டு கைகள். கால்கள் கிடையாது. அன்றைய கணினிக்கு நினைவகம் அவ்வளவு கம்மி. இரண்டு நிமிடத்தில் அதிகம் குத்தியவர் ஜெயிப்பார். நூறு குத்து வாங்கினால் ஆள் காலி. அப்போது யாரோ என் காலை மிதித்தார்கள். கல்லூரி செமினாரில் இதன் வரலாற்றைத்தான் பேச வேண்டும் என்று அந்த நொடியில் தோன்றியது.

எங்கள் கணினித் துறையில் ஒரு விதி உண்டு. செமினார் படிவத்தின் கடைசிக் கட்டம் 'உள்ளூர்ப் பயன்'. அது காலியாக இருந்தால் தலைப்பு ரத்து. போன வருடம் செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசிய சீனியர், அதில் 'மரவள்ளிக்கிழங்கு' என்று எழுதித் தப்பித்தார். கைதட்டலும் கிழங்குக்குத்தான்.

துறைத்தலைவி என் படிவத்தைப் பார்த்தார்.

"வரலாறு எல்லாம் சரி. கள்ளக்குறிச்சிக்கு இதால இன்னா?"

வெள்ளிக்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் எனக்கும் கிழங்கு.

மாவட்டத்தில் இதை ஆடிய ஒருவரையாவது பிடித்துவிட்டால் போதும் என்று அலைந்தேன். தன் மாமா ஆடியிருப்பார் என்றான் வகுப்புத் தோழன். நம்பி வெள்ளிமலைக்கு வண்டி ஏறினேன். வளைவுக்கு வளைவு வண்டி ஆடியது. மாமா ஆடியது கேரம்.

மாமா வீட்டு வாசலில் தோழனின் அக்கா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து என் கைப்பேசியை எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேரு குத்திக்கினு இருக்காங்க, உரலக் காணோமே?"

குத்துச்சண்டை என்று விளக்கினேன்.

"இன்னா குத்தோ. ஒருத்தன் தூக்கசொல்லதான் இன்னொருத்தன் போடணும். ஒண்ணா போட்டா உலக்கதான் ஒடையும்."

கைப்பேசியை வாங்கி அவரே ஆடினார். எதிராளி கையை இழுக்கும்வரை காத்திருந்து, அவன் மூக்குக்குப் பக்கத்துக் காலி இடத்தில் பதமாகக் குத்தினார். ஓர் அடிகூட ஆள்மேல் படவில்லை. இரண்டு நிமிடம் முடிந்தது. புள்ளி பூஜ்யம்.

"இவ்ளோ குத்தியும் ஒரு பிடி அரிசி வரல" என்று திருப்பிக் கொடுத்தார்.

'உள்ளூர்ப் பயன்: சாமை குத்துதல்' என்று எழுதிக் கொடுத்தேன். துறைத்தலைவியின் முகம் மலர்ந்தது. தலைப்பையும் அவரே திருத்தினார்: 'சிறுதானிய மேம்பாட்டில் கணினி'. வரலாற்றுக்கு ஒரே ஒரு ஸ்லைடு. அதிலும் 'சண்டை' என்ற சொல் வேண்டாமாம், வன்முறை. பேசி முடித்ததும் பலத்த கைதட்டல், சாமைக்கு.

அந்த ஸ்லைடில் அடங்காததைச் சொல்ல நானே ஒரு கேம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதே உச்சிப் பார்வை, அதே இரண்டு மூக்குகள், நடுவில் ஓர் உரல். உலக்கைகள் மோதினால் புள்ளி குறையும். மோதாமல் நூறு குத்து போட்டால், பழைய விளையாட்டின் வரலாற்றில் ஒரு பத்தி திரையில் திறக்கும். உரல் மட்டும் இன்னும் சதுரமாகவே வருகிறது. வட்டமானதும் வெள்ளிமலை வண்டி ஏற வேண்டும். முதலில் அந்த அக்கா குத்திப் பார்க்கட்டும்.