வயிற்றில் இல்லாத பிள்ளை

அந்த பிஸ்கட் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பெல்ட்டில் வரும் பிஸ்கட்டில் முனை போனது, கீறல் விட்டது, இரண்டாகப் பிளந்தது எல்லாவற்றையும் பேக்கிங் பெண்கள் பொறுக்கிப் பக்கத்துக் கூடையில் போட வேண்டும். கூடையில் விழுந்த அந்த உடைசலை யார் வேண்டுமானாலும் தின்னலாம், வெளியே மட்டும் கொண்டுபோகக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் கொஞ்ச நாள் ஆசையாகத் தின்பார்கள். அப்புறம் அந்த வாசனையே குமட்டிப்போய்க் கூடைப் பக்கம் திரும்ப மாட்டார்கள். பேக்கிங்கில் நின்ற நம்மவளுக்கு மட்டும் அந்தக் குமட்டல் வரவே இல்லை. அதனால் அவளுக்கு ‘உடைசல்’ என்று பேர் விழுந்தது. சூப்பர்வைசர்கூட “உடைசலக்கா எங்க?” என்றுதான் கேட்பார். “இங்கதான் சார் இருக்கேன், இன்னும் முழுசா உடையல” என்பாள் அவள். வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

காலையில் அவள் சாப்பிடுவதில்லை. மகளுக்குத் தலை பின்னி, டப்பா கட்டிக் கொடுத்து, புருஷனைத் தட்டி எழுப்பி, எல்லாருக்கும் எல்லாம் செய்வாள். தனக்கென்று வரும்போது நேரம் போயிருக்கும். மதியம்வரை உடைசல்தான் ஆகாரம். இடைவேளையில் யாரோ துரத்துகிற மாதிரி நாலு வாய் விழுங்கி, அடைக்காமல் இருக்க மேலே ஒரு பாட்டில் சோடா. ராத்திரி எல்லாரும் தின்று முடித்த பிறகு சட்டியில் மிஞ்சியதை வீணாகக் கூடாது என்று வழித்துத் தின்றுவிட்டு, அப்படியே படுக்கை. இப்படியிருந்தால் வயிறு ஊதாமல் என்ன செய்யும்? கை ஒல்லி, கால் ஒல்லி, கழுத்தில் எலும்பு தெரியும். வயிறு மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி முன்னால் நிற்கும். சாயங்காலமானால் கல்லாகக் கனக்கும். லாரி பட்டறையில் வேலை பார்க்கும் அவள் புருஷன், “எங்க பட்டறையில காசு குடுத்துக் காத்தடிக்கிறாங்க, நீ சும்மாவே அடிச்சு வச்சிருக்க” என்பான். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

சிரிப்போடு போயிருந்தால் தேவலை. ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். நாள் பூரா நின்ற கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அந்த பஸ்ஸின் கண்டக்டரம்மா பெரிய குரல்காரி. முன்சீட்டில் இருந்த ஒருவனைப் பார்த்து, “ஏம்ப்பா, எழுந்திரு. மாசமா இருக்கிற பொம்பள நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?” என்றாள். யாரடா அது என்று உடைசலும் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? “இல்லீங்க, இது தொப்பை” என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எந்தப் பெண்ணுக்கு நாக்கு வரும்? முகமெல்லாம் தீயாக எரிந்தது. அந்த ஆள் வேறு எழுந்து நின்று, “உக்காருங்க, தெரியாமப் போச்சு” என்றான். உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததும் காலுக்குக் கிடைத்த சுகம் இருக்கிறதே, அதுதான் அவளைக் கெடுத்தது.

மறுநாளும் அந்த பஸ்தான். ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு வேறு பஸ் கிடையாது. கண்டக்டரம்மா தன் பையை முன்சீட்டில் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். “எத்தன மாசம்?” என்று கேட்டாள். உடைசல் “இப்பத்தான்க்கா...” என்று இழுத்தாள். “நாலு இருக்கும், பாத்தாலே தெரியுது” என்று கண்டக்டரம்மாவே முடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் சில நாள் ஓர் ஆரஞ்சு கொண்டுவந்து மடியில் போடுவாள். மேடுபள்ளம் வந்தால் டிரைவரிடம், “மெதுவாப் போய்யா, முன்னாடி யாரு இருக்கான்னு பாத்து ஓட்டு” என்று கத்துவாள். உடைசல் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்த ஆரஞ்சைத் தின்பாள். வீட்டில் மூச்சுவிடவில்லை. புருஷனுக்குத் தெரிந்தால் பட்டறை பூரா பரப்பிவிடுவான்.

நாள் போகப்போகப் பயம் பிடித்தது. கண்டக்டரம்மா மாசத்தை எண்ணிக்கொண்டே வருகிறாள். பத்து மாசம் ஆனதும் பிள்ளை எங்கே என்று கேட்டால் எதை எடுத்துக் காட்டுவது? பிஸ்கட் பாக்கெட்டையா?

கம்பெனி நர்ஸிடம் போனாள். பஸ் விஷயத்தை விழுங்கிவிட்டு, வயிறு ஊதுகிறது என்று மட்டும் சொன்னாள். நர்ஸ் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, “மாசமா இருக்கியான்னு மொதல்ல பாத்துரலாமா?” என்றாள். உடைசலுக்கு அழுகையே வந்துவிட்டது. ரத்தமெல்லாம் பார்த்து, டாக்டரும் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று ஆனது.

“நோவு ஒண்ணும் இல்ல, பழக்கந்தான்” என்றாள் நர்ஸ். “காலையில வெறும் வயித்தோட வராத. உடைசலத் தொடாத. சோடாவ நிறுத்து. மென்னு தின்னு, உன் சோத்த யாரும் பிடுங்கிட்டுப் போகப்போறதில்ல. ராத்திரி நேரத்தோட சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் நட. ஊதல் சீக்கிரம் அடங்கும். கொழுப்பு மெதுவாத்தான் போகும், அவசரப்படாத.”

உடைசல் வைராக்கியக்காரி. மறுநாளிலிருந்து விடிந்ததும் ஒரு முட்டையும் பழமும். மதியச் சோற்றில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் காய். சோடாவுக்குப் பதில் தண்ணீர். கூடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வாசனை மூக்கைத் துளைக்கும்போது கண்டக்டரம்மாவின் முகத்தை நினைத்துக்கொள்வாள், கை தானாக மடங்கிவிடும். ராத்திரி சாப்பிட்டதும் மகளை இழுத்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்தாள். முதலில் ஊதல் அடங்கியது. பிறகு வயிறும் இறங்கியது. பாவாடை நாடாவை இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. புருஷன்கூட, “காத்து எறங்கிடுச்சே, பஞ்சரா?” என்றான்.

வயிறு போனால் பொய்யும் போய்விடும் என்றுதான் அந்த மடச்சி நினைத்திருந்தாள். பிள்ளைத்தாய்ச்சியின் வயிறு பாதியில் வற்றினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா?

ஒரு சாயங்காலம் அவள் பஸ் ஏறும்போது கண்டக்டரம்மா அவள் வயிற்றைப் பார்த்தாள். ஏதோ சொல்லத் திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. அன்றைக்கு அவள் யாரையும் அதட்டவில்லை. டிக்கெட்டைக்கூடச் சத்தமில்லாமல் கிழித்துக் கொடுத்தாள். முன்சீட்டு காலியாகவே இருந்தது. உடைசலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயைத் திறக்காமல் வீடு போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் கூட்டமெல்லாம் இறங்கி, கடைசி நிறுத்தத்துக்கு முன்னால் பஸ் காலியானதும், கண்டக்டரம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உடைசலின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“எப்ப ஆச்சு?” என்றாள்.

உடைசல் தலையைக் குனிந்துகொண்டாள்.

“எனக்கும் ஒண்ணு தங்கல. அஞ்சாம் மாசம் போச்சு. லீவு கெடைக்கல, இதே பஸ்ல டிக்கெட் கிழிச்சுக்கிட்டு வந்தேன். என்னாச்சுன்னு ஒருத்தர் கேக்கல. அதான் உன்னக் கேக்கறேன். அழுவணும்னா அழு, இங்க யாரும் இல்ல.”

தலையை ஒரு தரம் ஆட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். பொய்யும் மூடிக்கொள்ளும், மானமும் தப்பிக்கும். இனி யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். உடைசல் அதையும் நினைத்தாள், நினைக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கை அவள் கையை விடவில்லை. பிறக்காமல் செத்த ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் தன் தொப்பையைக் கொண்டுபோய்ப் படுக்க வைப்பதா? தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

“அக்கா, புள்ளையே இல்லக்கா” என்றாள். “தொப்பைக்கா. பிஸ்கட் தின்னு தின்னு வந்தது. அன்னைக்கு எல்லாரும் பாத்தாங்க, சொல்ல வெக்கமா இருந்துச்சு. அப்புறம் சொல்ல முடியல. இப்ப சாப்பாட்ட மாத்தினேன், கொறஞ்சிடுச்சு.”

கண்டக்டரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறை விழும் என்று உடைசல் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டாள். விழுந்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

“அப்ப எதுவும் போகலையா?” என்றாள் கண்டக்டரம்மா.

“இல்லக்கா.”

“நெசமா?”

“நெசமாக்கா.”

கண்டக்டரம்மா மூச்சை விட்டாள். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நேத்து ராத்திரி எனக்குச் சோறு எறங்கல” என்றாள்.

உடைசலுக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. குனிந்த தலையை நிமிர்த்தாமல், “என்னத் திட்டுங்கக்கா” என்றாள்.

“திட்டுவேன். நாளைக்கு வா, நல்லாத் திட்டுவேன்” என்றாள் கண்டக்டரம்மா. “இன்னைக்கு ஒரு நாள் நான் சந்தோஷமா இருந்துக்கறேன்.”