முள் காட்டிய சூடு

தங்கை மகளை மடியில் வைத்துக் காது குத்த வேண்டிய தாய்மாமன் நான். தங்கைக்குக் கூடப் பிறந்தவன் வேறு யாருமில்லை. வெகுகாலம் காத்திருந்து பெற்ற பிள்ளை என்பதால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போதே, "ஒம் மடியிலதாண்ணே காது குத்தணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அது நடக்காமல் போனதை இன்று நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

நரிக்குடிக்கு அந்தப் பக்கம், அவள் புகுந்த வீட்டுக் குலசாமி கோயிலில் விசேஷம். பாளையம்பட்டியிலிருந்து என் பழைய வேனில் கிளம்பினோம். பின்னால் முழுக்கச் சீர்த்தட்டுகள், பக்கத்தில் என் மனைவி. திருச்சுழி தாண்டிக் கொஞ்ச தூரத்தில், இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் விறுவிறுவென்று ஏறிச் சிவப்பில் போய் நின்றது.

எங்கள் பக்கத்தில் வண்டி வைத்திருப்பவனுக்கு அந்தச் சிவப்பைப் பார்த்தால் பயம். சூட்டோடு ஓட்டி இன்ஜினைக் காலி பண்ணிவிட்டுப் பொட்டல்காட்டில் நின்றவன் கதை ஆளுக்கொன்று உண்டு. அதனால் முள் ஏறினால் ஓரங்கட்டு, பானெட்டைத் திற, முள் இறங்கும்வரை நில் என்பதுதான் எங்கள் வண்டி சாஸ்திரம். நானும் நின்றேன். அவ்வப்போது சாவியைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் முள் சிவப்புக்கே போனது.

"ஆவி ஒண்ணையும் காணோம். தண்ணியும் குறையல. ஓட்டித்தான் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"ஒனக்கு என்னடி தெரியும் இன்ஜினப் பத்தி?" என்று எரிந்து விழுந்தேன். எனக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

தங்கை போன் மேல் போன் போட்டாள். "எங்கண்ணே வார?" ஒவ்வொரு தடவையும், "வண்டி சூடாயிருச்சு, இந்தா வந்துட்டேன்த்தா" என்றேன். பிறகு போன் வருவது நின்றுபோனது. வருவது வரட்டும் என்று ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, பிள்ளை சிவந்த காதோடு அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். முகூர்த்தம் தவறக் கூடாது என்று, எங்கள் சித்தப்பா மகன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். தங்கை எங்களுக்கு இலை போட்டாள், சோறு வைத்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அருப்புக்கோட்டையில் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். "ஸ்டார்ட் பண்ணாதீக, சாவிய மட்டும் போடுங்க" என்றார். முள் நேராகச் சிவப்புக்குப் போனது. அவர் சிரித்துவிட்டார். "ராத்திரி பூரா நின்ன வண்டிண்ணே. கொதிக்குதுங்குது பாருங்க!"

இன்ஜினில் கை வைத்தேன். சில்லென்றிருந்தது. அவர் இன்ஜின் சூட்டை அளந்து முள்ளுக்குச் சொல்லும் சென்சாரின் வயரைக் கழற்றினார், முள் கீழே விழுந்தது. மாட்டினார், மறுபடி ஏறியது. "வயரு நல்லாருக்கு. சென்சார்தான் உள்ளுக்குள்ள ஷார்ட் ஆயிருச்சு." கட்டைவிரல் அளவுக்கு ஒரு பித்தளைச் சாமான். புதிதை மாட்டியதும் முள் ஒழுங்காகப் படுத்துக்கொண்டது. நேற்று அத்தனை நேரம் வெயிலில் காத்திருந்தது, எப்போதோ ஆறிப்போயிருந்த ஒரு இன்ஜின் ஆறுவதற்காக.

பழைய சென்சாரைக் கையில் வாங்கிக்கொண்டு நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது இல்லை என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்ட தெம்பு. எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சரிண்ணே, அது பொய் சொல்லிருச்சு. நீ நிக்கையில அந்த ரோட்டுல பஸ்ஸே போகலையா?"

போனது. கண்டக்டர் தலையை நீட்டி, "வாரீகளா?" என்றுகூடக் கேட்டார். சீரோடு வரும் தாய்மாமன் பஸ்ஸில் வந்து இறங்கினால் அவள் புகுந்த வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று, போகச் சொல்லிக் கையை ஆட்டினேன்.

"போச்சுத்தா. அம்புட்டுத் தட்டையும் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல எப்படி..."

"தட்ட யாருண்ணே கேட்டா?" என்றாள். "பஸ்ஸு வரும்போதெல்லாம் புள்ளையத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடினேன், நீ இறங்குவன்னு."