சீர்க் கட்டிலின் நாலாவது கால்

என் அத்தையின் கல்யாணம் என் எடையால்தான் நின்றுபோனது என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது மூன்றாம் வகுப்பு படித்தேன். வகுப்பிலேயே குண்டுப் பிள்ளை நான்தான்.

சின்னமனூரில் அப்பாவுக்கு மரப் பட்டறை. அவருடைய தங்கை, என் அத்தை, பெரியகுளத்தில் தோட்டக்கலை படித்துக்கொண்டிருந்தாள். பாதிப் படிப்பில் தேவாரத்திலிருந்து வசதியான சம்பந்தம் வந்தது. படிப்பை முடித்துக்கொள்கிறேனே என்று அத்தை கேட்டதை வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையின் அம்மா போனில் ஒரு படத்தைக் காட்டி, அதே மாதிரி சீர்க் கட்டில் வேண்டும் என்றார். மேலே பருத்து, கீழே சிறுத்து, வளைந்து நிற்கும் கால்கள். கேரளத்தில் சொந்தக்காரர் வீட்டில் பார்த்ததாம்.

அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. நேர்க்கால் என்றால் எந்தக் கட்டையிலும் அறுத்துவிடலாம். வளைந்த காலுக்கு மரத்தின் இழையும் கூடவே வளைந்து ஓட வேண்டும். நேரான மரத்தில் வளைவைச் செதுக்கினால் சிறுத்த இடத்தில் இழை குறுக்கே வந்துவிடும். பாரம் ஏறியதும் முறுக்கு மாதிரி ஒடியும். சீர்க் கட்டில் ஒடிவதைவிடப் பெரிய அபசகுனம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அதனால் அப்பா தோப்புத் தோப்பாக அலைந்து, தானாகவே வளைந்து வளர்ந்து, வெட்டிக் காயப்போட்டிருந்த பலாக் கொம்புகளைத் தேடிக் கொண்டுவந்தார்.

மூன்று கால்களுக்கு அவரே மரம் எடுத்தார். நாலாவதற்கு அத்தையைக் கூப்பிட்டார். பட்டறையிலேயே வளர்ந்தவள், அவளுக்கும் மரம் பார்க்கத் தெரியும். அத்தை எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, மூலையில் கிடந்த ஒரு கட்டையை இழுத்துப் போட்டாள்.

“இது நல்லா இருக்கும்ணே.”

எனக்கு அது நேராகத்தான் தெரிந்தது. “இது வளையவே இல்லையே அத்தை?” என்றேன்.

“ஒனக்கு என்னடி தெரியும்? பேசாம இரு” என்றாள். அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. அப்பா கட்டையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பிறகு உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கட்டில் எது செய்தாலும் வீட்டுப் பிள்ளையை நாலு மூலையிலும் ஏற்றி நிறுத்திப் பார்ப்பது எங்கள் பட்டறை வழக்கம். மாப்பிள்ளையின் அம்மா பார்க்க வந்த அன்று அப்பா என்னைக் கூப்பிட்டார். “ஏறி நில்லுத்தா.” மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். தூக்கி ஏற்றிவிட்டார். மூன்று மூலை தாண்டும்வரை ஒன்றுமில்லை. நாலாவதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எடையைக் குறைப்பதாக நினைத்து நுனிக்காலில் நின்றேன். படக்கென்று சத்தம் கேட்டது. நான் தரையில் விழவில்லை; அந்த மூலையிலேயே நின்றிருந்த அத்தை பிடித்துக்கொண்டாள்.

“ஆத்தாடி! சீர்க் கட்டிலுல்ல ஒடிஞ்சுபோச்சு!” என்று நெஞ்சில் கைவைத்தார் அந்தம்மா. கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. மறுநாளே தரகர் வந்து, “வேணாம்னுட்டாக” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். “எருமக்கன்னு மாதிரி குதிச்சியாடி?”

“பிள்ளைய வையாத” என்றார் அப்பா. “மரம் எடுத்தது நான். தப்பு என்னுது.” ஒடிந்த காலை அவரே கொண்டுபோய் அடுப்பில் வைத்துவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் அத்தை மறுபடி கல்லூரிக்குக் கிளம்பினாள். போகும்போது என் கன்னத்தில் முத்தம் கொடுத்துத் தேன்மிட்டாய் வாங்கித் தந்தாள். அவள் வாழ்க்கையையே கெடுத்த என்னை மன்னித்துவிட்டாளே என்று அழுதுகொண்டே தின்றேன். எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்ட அப்பாவை நினைத்தும் அழுதேன். அத்தனை நாள் உட்கார்ந்து செதுக்கிய கைக்கு, இழை குறுக்கே ஓடுவது எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.