மீந்த துணி

சித்தி பாகுபாடு பார்க்காதவள் என்பது தெருவுக்கே தெரியும். அவளே வாய் ஓயாமல் சொல்லும்போது தெரியாமல் இருக்குமா? மூத்த தாரத்து மகளைக் குடும்பத் தையல் கடைக்குக் கட்டிங் மாஸ்டராகவே ஆக்கிவிட்டாளே, இதைவிட என்ன வேண்டும்? காலையில் எடுத்த கத்திரியை விளக்கு வைக்கும்வரை கீழே வைக்கவிடாத பாசம்.

சித்தி பெற்ற மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீட்டார் எல்லோரும் ஒரே நீலத்தில் நிற்க வேண்டுமென்று சித்திக்கு ஆசை. எல்லோரும் என்றால் அப்பா, சித்தி, இரண்டு தம்பிகள். நான்கு பேருக்கும் துணி வந்தது. மீந்தால் நீயும் ஒன்று தைத்துக்கொள் என்று மூத்தவளிடம் தாராளமாகச் சொன்னாள்.

மூத்தவளுக்கு வயது முப்பத்துநான்கு. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டாள். மடிப்பில் ஒரு விரற்கடை, கைப்பகுதியில் அரை விரற்கடை என்று மிச்சம் பிடித்தாள். பெரிய தம்பியின் தொப்பை பெருத்தால் பிரித்துவிட உள்மடிப்பே வைக்கவில்லை. முழுசாக ஒரு சட்டைக்குத் துணி மீந்தது.

அங்கேதான் கோட்டை விட்டாள். மீந்ததைத் துணி கொடுத்தவரிடமே திருப்பித் தருவது அந்தக் கடை வழக்கம். பழக்க தோஷத்தில் மடித்துக் கொண்டுபோய்ச் சித்தியின் மேசைமேல் வைத்துவிட்டாள்.

சித்தி பூரித்துப் போனாள். "உன் கை யாருக்கு வரும்? இதுல மாப்பிள்ளையோட அக்காவுக்கு ஒண்ணு தைச்சிடு. இனிமே அவங்களும் நம்ம குடும்பம்தானே? நீ வீட்டுப் பொண்ணு, எதைப் போட்டா என்ன?"

மாப்பிள்ளையின் அக்கா குடும்பமாகிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. மூத்தவளுக்கு, சித்தி வந்து இருபத்தாறு வருடமாகியும் அந்த முகூர்த்தம் கூடவில்லை. அப்பா வழக்கம்போலக் கீழே விழாத ஊசியைத் தேடிக் குனிந்தார்.

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. துணியை எடுத்துவந்து வெட்டுப் பலகையில் விரித்தாள். சாக்கட்டியைக் கையில் எடுத்தவளுக்குத் தன் அளவு தெரியவில்லை. ஊருக்கெல்லாம் வெட்டுகிறவளை நிறுத்தி யாரும் அளந்ததில்லை. மற்றவர்கள் போட்டுக் கழித்ததைப் பிடித்துத் தைத்தே காலம் ஓடியிருந்தது.

கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி அப்பாவிடம் நீட்டினாள். "நிமிருங்கப்பா. என் அளவை எடுங்க."

அப்பா சித்தியைப் பார்த்தார்.

"அங்க என்ன பார்வை? நான் இங்க நிக்கறேன்."

அவர் எழுந்து வந்தார். டேப்பை அவள் தோளில் வைத்து, எண்ணைச் சொன்னார். மூத்தவள் அளவு நோட்டைச் சித்தியின் பக்கம் தள்ளினாள்.

"எழுதிக்குங்க சித்தி."